யோர்தான் துறையில் கேட்ட சொல்

அம்மம்மா வேதப்புத்தகத்தை ஆதியாகமத்தில் தொடங்கினால் வெளிப்படுத்தின விசேஷம்வரை ஒரு வரி விடமாட்டார். வம்ச அட்டவணை, ஆசரிப்புக் கூடாரத்தின் முழக்கணக்கு, கோத்திரம் கோத்திரமாக எண்ணிய ஆட்தொகை, எல்லாம் அதே நிதானத்தில், அதே ராகத்தில் வரும். உடுவில் மகளிர் பாடசாலையில் படித்த காலத்துப் பழக்கம். வெள்ளவத்தை வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்தான் குடும்பச் செபம். பசி வயிற்றைக் கிள்ளும்போது லேவியராகமம் கேட்டு வளர்ந்தவன் பேரன்.

1982இல் ஒரு நாள் நியாயாதிபதிகள் புத்தகத்தின் 12ஆம் அதிகாரம் வந்தது. அம்மோனியரோடு சண்டைக்குப் போகும்போது எங்களை ஏன் கூப்பிடவில்லை என்று எப்பிராயீம் கோத்திரத்தார் வம்புக்கு வருகிறார்கள். கீலேயாத்தியரின் தலைவன் யெப்தா அவர்களை முறியடிக்கிறான். தோற்றவர்கள் ஊர் திரும்ப யோர்தான் ஆற்றைக் கடந்தாக வேண்டும். ஆற்றைக் கடக்கும் துறைகளைக் கீலேயாத்தியர் முன்கூட்டியே பிடித்துவிட்டார்கள். வருகிறவனை மறித்து, நீ எப்பிராயீமா என்று கேட்கிறார்கள். இல்லை என்றால், ஒரு சொல்லைச் சொல்லிக்காட்டச் சொல்கிறார்கள். அந்தச் சொல் ‘ஷிபோலேத்’. எப்பிராயீமியனுக்கு அது ‘சிபோலேத்’ என்றுதான் வரும். அப்படிச் சொன்னவனை அங்கேயே வெட்டுகிறார்கள்.

அம்மம்மாவின் வாயில் இரண்டும் ஒன்றாகவே வந்தன. கேட்டவன் சொன்னதும் சிபோலேத், செத்தவன் சொன்னதும் சிபோலேத். பேரனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“ரெண்டையும் ஒரே மாதிரித்தானே வாசிக்கிறியள் அம்மம்மா, பிறகேன் அவனை வெட்டினவங்கள்?”

“எழுத்தில கிடக்கிறதைத்தான் மோனை வாசிக்கிறன். குறுக்க கதையாதை.”

“யோர்தான் கரையில மாமி நிண்டிருந்தா, இண்டைக்கு இந்த வீட்டில ஒருத்தரும் இல்லை” என்றார் அப்பா. செபத்துக்கு நடுவில் அம்மம்மாவே சிரித்துவிட்டார். ஜெபத்தைச் செபம் என்பவர், ஜன்னலைச் சன்னல் என்பவர் அவர். ஷகரம் அவருக்கு எழுத்தில் மட்டுமே இருந்தது.

அப்பா கோட்டையில் ஒரு அரசாங்கத் திணைக்களத்தில் கிளாக்கர். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பிறகு, வேலையில் நிலைக்க விரும்பிய தமிழ் ஊழியர்கள் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுத வேண்டியிருந்தது. எழுத மாட்டோம் என்று வேலையை உதறிவிட்டுப் போனவர்கள் பலர். அப்பா எழுதித் தேறினார். அதற்காக ஊரில் ஒரு மாமாவிடம் பல வருடம் ஏச்சு வாங்கினார். பரீட்சைக்குப் படித்த சிங்களம் நாளடைவில் சந்தைச் சிங்களமாகவும் பஸ் சிங்களமாகவும் பழுத்து, கடைக்காரர்கள் அவரைக் காலிப் பக்கத்து ஆள் என்று நினைக்கும் அளவுக்குப் போனது.

1983 யூலை 23ஆம் தேதி இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் இரவு பொரளையில், கனத்தை மயானத்தைச் சுற்றித் தமிழருக்கு எதிரான கலவரம் மூண்டது. 25, திங்கட்கிழமை, கொழும்பு எரிந்தது. அன்று பிற்பகல் அப்பா காலி வீதி வழியாக நடந்தே வீட்டுக்கு வந்தார். பஸ் ஓடவில்லை. ஒரு சந்தியில் ஏழெட்டுப் பேர் மறித்தார்கள். ஒருவன் கையில் தகர வாளி, அதில் பெற்றோல். அந்த வாளியையே சற்றுத் தூக்கிக் காட்டி, இது என்ன என்று கேட்டான்.

சிங்களத்தில் வாளிக்கு ‘பால்திய’ என்று பெயர். இப்படித் தமிழில் எழுதும்போதே சிக்கல் தொடங்கிவிடுகிறது. அந்தச் சொல்லின் முதல் ஒலி ‘பல்’ என்னும்போது வரும் ப அல்ல, ‘பஸ்’ என்னும்போது வரும் ப. நமக்கு இரண்டுக்கும் எழுத்து ஒன்றுதான். சொல்லின் தலையில் அந்த அதிரும் ஒலி தமிழ் நாக்குக்குப் பிறவியில் பழக்கமில்லை. போதாக்குறைக்கு ‘வாளி’ என்ற சொந்தச் சொல் பக்கத்திலேயே நின்று நாக்கை இழுக்கும். அவசரத்தில் வகரத்தில் தொடங்கி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. இதில் இன்னொரு கூத்து: ‘பால்திய’ சிங்களவர்களின் பழஞ்சொல்லும் அல்ல. போர்த்துக்கேயர் கொண்டுவந்து கரையில் இறக்கிய சொல். மூலம் ‘பால்தே’. இந்திக்காரர்களின் ‘பால்டி’யும் அதன் வழிதான்.

அப்பா சரியாகச் சொன்னார். வீட்டுக்குப் போக விடுங்கடா என்ற தொனியில் கூடவே ஒரு சின்னச் சலிப்பையும் சிங்களத்தில் காட்டினாராம். விட்டுவிட்டார்கள். அவருக்குச் சற்றுப் பின்னால் இன்னொருவர் வந்துகொண்டிருந்தார். அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டது அப்பாவின் காதில் விழுந்தது. பதில் என்னவென்று அப்பா ஒருபோதும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

அன்று இரவு பக்கத்துச் சிங்களக் குடும்பம் அவர்களைத் தங்கள் பின்னறையில் வைத்துக்கொண்டது. யாராவது வந்து கேட்டால் கிழவி ஊமை என்று சொல்லிக்கொள்வதாக அந்த வீட்டம்மா முடிவு செய்தார். அம்மம்மாவும் அதை நன்றாகவே நடித்தார், நடிக்க வேண்டிய தேவை முடிந்த பிறகும் ஓரிரு நாள். பிறகு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் அகதி முகாம், அங்கிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல். முகாமில் ஆளுக்கொரு கதை. ஒருவரிடம் வாளி, இன்னொருவரிடம் பௌத்த காதை ஒன்றைச் சொல் என்றார்களாம், வேறொருவரிடம் சிங்களப் பத்திரிகையை நீட்டி வாசிக்கச் சொன்னார்களாம். 1958 கலவரத்தைக் கண்ட முதியவர்கள், அப்போதும் இதே பரீட்சைதான் என்றார்கள். அந்த யூலையில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றுவரை ஒற்றுமை இல்லை. அரசு சொன்னது சில நூறு, மற்ற மதிப்பீடுகள் 3,000 வரை போகின்றன.

யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்த பிறகு அம்மம்மாவின் வாசிப்பு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஆனால் அவனுக்கு அந்த அதிகாரம் தொண்டையில் முள்ளாக நின்றது. யோர்தானில் அவர்கள் ஏன் அந்தச் சொல்லைத் தேர்ந்தார்கள்? அதற்கு என்ன பொருள்? அம்மம்மாவுக்குத் தெரியவில்லை. ஊரில் ஓய்வுபெற்ற போதகர் ஒருவர் இருந்தார். பெங்களூரில் இறையியல் படித்தவர், எபிரேயம் வாசிக்கத் தெரிந்தவர். அவரிடம் போனான்.

போதகர் தடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து வலமிருந்து இடமாக விரலை ஓட்டினார். “இதுதான் தம்பி சொல்லு. அர்த்தம் பெரிசா ஒண்டுமில்லை. கதிர். நெல்லுக் கதிர், கோதுமைக் கதிர் எண்டுறமே, அது. சில இடத்தில வெள்ளம், ஓடுற தண்ணி எண்டும் வரும்.” 69ஆம் சங்கீதத்தில் ஆளை மூடுகிற வெள்ளம் என்று வருவதும் இதே சொல்தான் என்று எடுத்துக் காட்டினார். ஆற்றங்கரையில் நின்றவர்கள் ஆற்றைச் சுட்டும் சொல்லையே கேட்டிருக்கலாம் என்று சில உரைகாரர் நினைப்பதாகவும் சொன்னார். கதிரோ வெள்ளமோ, துறையில் நின்றவனுக்கு அந்தப் பொருளால் ஆகவேண்டியது எதுவுமில்லை. முதல் எழுத்தைத் தாண்டி அவன் எதையும் கேட்கவே இல்லை.

பிறகு போதகர் ஆதியாகமம் 41ஐத் திருப்பினார். பார்வோனின் கனவு: ஏழு செழித்த கதிர்கள், ஏழு சாவியான கதிர்கள். எபிரேயத்தில் அந்தக் கதிர்கள் ‘ஷிபோலிம்’. ஷிபோலேத்தின் பன்மை. கனவுக்குப் பொருள் சொல்லி, ஏழு வருடம் தானியம் சேர்க்கவைத்து, எகிப்தைப் பஞ்சத்திலிருந்து காப்பாற்றியவன் யோசேப்பு. பஞ்சம் வருவதற்கு முன்னே அவனுக்கு இரண்டு பிள்ளைகள் பிறக்கிறார்கள். மூத்தவன் மனாசே, இளையவன் எப்பிராயீம். மனாசேயின் பேரன் கீலேயாத்.

அவன் அதை மறுபடி ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டான். துறையில் நின்றவர்களும் துறைக்கு வந்தவர்களும் ஒரே கிழவனின் பேரப்பிள்ளைகள். அந்தக் கிழவன் எந்தக் கதிரின் கனவுக்குப் பொருள் சொல்லி ஊருக்கு உயிர் கொடுத்தானோ, அந்தக் கதிரின் பெயராலேயே தாயாதிகள் வெட்டிக்கொண்டார்கள். எழுதியவன் வேண்டுமென்றே இப்படிக் கோத்தானா, தற்செயலா என்பதில் போதகர் கருத்துச் சொல்ல மறுத்துவிட்டார். அவனுக்கு இன்றுவரை அது தற்செயலாகப் படவில்லை.

இறந்தவர்கள் 42,000 பேர் என்கிறது வேதம். எண்ணாகமத்தின் 26ஆம் அதிகாரத்தில் எப்பிராயீமின் போர்வீரர் தொகை 32,500. தலைமுறைகள் இடையில் ஓடிவிட்டன என்றாலும் கணக்கு இடிக்கிறது. குடிக்கணக்கைத் தாண்டாமல் வாசித்த அம்மம்மாதான் இதைக் கண்டுபிடித்தவர். அந்தப் புத்தகம் இந்தக் கொலைக்குப் புகழும் பாடவில்லை, ஐயோ என்றும் சொல்லவில்லை. அடுத்த வசனத்தில் யெப்தா ஆறு வருடம் நியாயம் விசாரித்துச் செத்துப்போகிறான்.

எழுத்தில் இருப்பதைத்தான் வாசிக்கிறேன் என்று அம்மம்மா சொன்னதிலும் நியாயம் இருந்ததைப் போதகர்தான் காட்டிக்கொடுத்தார். எபிரேயத்தில் ஷகரம் ஒலிக்கும் பெரிய பெயர்களெல்லாம் தமிழ் வேதாகமத்தில் சகரமாகிவிட்டவை. மோஷே நமக்கு மோசே. யெஹோஷுவா யோசுவா. ஷ்முவேல் சாமுவேல். எருசலேமிலும் மூலத்தில் இருப்பது ஷகரமே. இந்த அதிகாரத்துக்கு அடுத்த பக்கத்தில் பிறக்கப்போகிற ஷிம்ஷோன் இரண்டு ஷகரத்தையும் இழந்து சிம்சோனாகத்தான் பிறக்கிறான். இந்தப் பெயர்களிலெல்லாம் தமிழ் எப்பிராயீமியரைப் போலவே பேசிக்கொண்டு வந்துவிட்டு, இந்த வசனத்தில் திடீரென்று ஷகரத்தைத் தேடி ஓட வேண்டியிருக்கிறது.

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு, 1719இல் இறக்கும்போது பழைய ஏற்பாட்டை ரூத் புத்தகம்வரை தமிழில் மொழிபெயர்த்திருந்தார். ஆக, ஷகரம் சரளமாக வரும் ஜெர்மானிய நாக்கோடு இந்த வசனத்தில் முட்டி மோதியவர் அவரே. அவர் பணி நின்ற ரூத்திலும் அதே சொல் வருகிறது. மாமியாரிடம் சொல்லிக்கொண்டு ரூத் வயலில் பொறுக்கப் போவது ஷிபோலிம்தான். அங்கே அது வெறும் கதிர், யாருக்கும் ஆபத்தில்லாத கதிர். கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்களுக்கு இன்னும் சங்கடம். அவர்கள் மொழியில் ஷகரமே கிடையாது. பழைய கிரேக்கப் பிரதி ஒன்றில் கதிர் என்று சொல்லச் சொல்கிறார்கள், இன்னொன்றில் அடையாளச் சொல்லைச் சொல்லச் சொல்கிறார்கள். பிழையான உச்சரிப்பு எப்படி இருந்தது என்பதைக் காட்ட வழியில்லாமல், சரியாகச் சொல்லவில்லை என்று மட்டும் எழுதித் தப்பித்தார்கள்.

எப்பிராயீமியரின் நாக்கில் உண்மையில் என்ன குறை இருந்தது என்பதும் தீர்ந்த விஷயம் அல்ல. ஸ்பைசர் என்ற அறிஞர் 1942இல், கீலேயாத்தியர் அந்தச் சொல்லை ஷகரத்தில் அல்ல, ஆங்கிலத் ‘திங்க்’கில் வருவது போன்ற பழைய ஒலியில் சொல்லியிருப்பார்கள் என்று வாதிட்டார். அதை மறுத்தவர்களும் உண்டு. மூவாயிரம் வருடத்துக்கு முந்திய உச்சரிப்பை யார் பதிவு செய்து வைத்தார்கள்?

பின்னாளில் லண்டனுக்கு வந்த பிறகுதான் இந்தச் சொல் ஆங்கிலத்தில் எவ்வளவு சாதாரணமாகப் புழங்குகிறது என்பதைக் கண்டான். 17ஆம் நூற்றாண்டிலிருந்தே அவர்கள் இதை உருவகமாக வழங்கிவருகிறார்கள். முதலில், தன் ஆள் யார், அந்நியன் யார் என்று காட்டிக்கொடுக்கும் சொல் அல்லது வழக்கம். பிறகு பொருள் இன்னும் தேய்ந்து, கட்சிக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் வெற்றுக் கோஷம். பத்திரிகைத் தலையங்கத்தில் ஏதோ வரிக் கொள்கையை ‘பழைய ஷிபோலெத்’ என்று கிண்டலடித்திருந்ததைப் படித்தபோது அவனுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. உருவகம் ஆவதென்றால் இரத்தம் காய்வதுதான் போலும்.

வரலாற்றில் அது காயவேயில்லை. 1282இல் சிசிலியில் பிரெஞ்சுக்காரர்களை அடையாளம் காணக் கொண்டைக்கடலைக்குரிய சிசிலியச் சொல்லைச் சொல்லச் சொன்னதாகக் கதை. 1937 ஒக்டோபரில் டொமினிக்கன் குடியரசின் சர்வாதிகாரி த்ருஹீயோவின் ஆணையில் எல்லைப்புறத்து ஹெயிட்டியர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். ஒரு கீரைக்கொத்தைக் காட்டி அதன் ஸ்பானியப் பெயரைக் கேட்டார்கள் என்றும், ரகரம் உருளாதவர் செத்தார் என்றும் சொல்வதால், அதற்குப் பார்ஸ்லிப் படுகொலை என்றே பெயர். எல்லா இடத்திலும் அது நடந்திருக்காது என்பது சில வரலாற்றாசிரியர்களின் கருத்து. அங்கேயும் நடுவில் ஓர் ஆறு. கதிர், கடலை, கீரை, வாளி. கொலைக்கருவியாக எடுத்தவை எல்லாம் அடுப்படிச் சாமான்கள். பெரிய தத்துவச் சொல் எதையும் எவனும் கேட்டதில்லை. யோசிக்க நேரம் கிடைத்துவிடும் என்பதால்தானோ என்னவோ.

2007 ஒக்டோபரில் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் பெரிய டர்பைன் மண்டபத்தில் ‘ஷிபோலெத்’ என்ற பெயரில் ஒரு படைப்பு வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனான். செய்தவர் கொலம்பியாவின் டொரிஸ் சால்செடோ. அங்கே சிலையும் இல்லை, ஓவியமும் இல்லை. கொங்கிரீட் தரையில் 167 மீற்றர் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. வாசல் பக்கம் மயிரிழையாகத் தொடங்கி, போகப்போக ஒரு பாதம் சிக்கும் அளவுக்கு விரிந்தது. குனிந்து பார்த்தால் உட்சுவரில் கம்பிவலை தெரிந்தது. குழந்தைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குதித்து விளையாடினார்கள், அவன் மகளும். பெயர் பலகையை அவள் ஒரே மூச்சில் ஷகரம் பிசகாமல் வாசித்தாள். அதே வாயில் ழகரம் வராது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பேச்சுப் போட்டியில் அதற்காக நடுவர் மதிப்பெண் குறைத்திருந்தார். யாழ்ப்பாணத்தில் ழகரத்தை ளகரமாகச் சொல்லியே மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பம் என்பதை நடுவரிடம் போய் விளக்கவா முடியும்?

அந்த மகள் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது ஷிபோலெத் வேறு அவதாரம் எடுத்து வந்தது. நூலகத்தின் ஆய்விதழ்களைக் கணினியில் திறக்க, நீ இந்தப் பல்கலைக்கழகத்து ஆள்தானா என்று சரிபார்க்கும் மென்பொருளுக்கும் அதே பெயர். “அப்பா, ஷிபோலெத் வேலை செய்யுதில்லை, உள்ளுக்கு விடுதில்லை” என்று அவள் தொலைபேசியில் சலித்துக்கொண்டாள். பெயர் வைத்தவர்கள் வேதம் தெரிந்தவர்கள்தான், குறை சொல்ல முடியாது.

இதற்கெல்லாம் முன்பே, லண்டன் வந்த புதிதில், அகதி விண்ணப்ப நேர்காணல்களுக்கு மொழிபெயர்ப்பாளனாகப் போய்வந்தான். தொண்ணூறுகளிலிருந்து ஐரோப்பிய நாடுகள் சில விண்ணப்பதாரரின் பேச்சைப் பதிவு செய்து, அவர் சொல்லும் ஊர்க்காரர்தானா என்று பகுத்தாயும் முறையைக் கையாண்டன. இலங்கைத் தமிழரும் அந்தச் சல்லடைக்குத் தப்பவில்லை. இந்தியத் தமிழர் இலங்கையர் என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள் என்ற சந்தேகம். 2004இல் மொழியியலாளர்கள் பலர் சேர்ந்து இதற்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டார்கள். ஒரு மொழியைத் தாய்மொழியாகப் பேசுவதும் அதை ஆராயத் தெரிந்திருப்பதும் வேறு வேறு, மொழிபெயர்ப்பாளர்களிடம் தீர்ப்புக் கேட்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று.

அந்த நெறிகள் வருவதற்கு முந்திய ஒரு குளிர்காலம். எதிரே உட்கார்ந்திருந்த இளைஞன் கிளிநொச்சியிலிருந்து வந்ததாகச் சொன்னான். காலையில் ‘டீ’ குடித்துவிட்டுப் புறப்பட்ட கதையைத் தொடங்கினான். யாழ்ப்பாணத்து வாய்க்கு அது ‘ரீ’. வன்னியிலும் பெரும்பாலும் அப்படித்தான். டிக்கெட்டை ரிக்கற் என்றும் டொரொன்டோவை ரொறன்ரோ என்றும் எழுதுகிற காதுக்கு அந்த டகரம் பளிச்சென்று கேட்டது. இரண்டு நிமிடம் கழித்து இளைஞன் தானாகவே சொன்னான்: தாத்தா மலையகத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர், 1977 கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர். அப்படிக் குடியேறிய குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. தாத்தாவின் டகரம் பேரன்வரை வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அதிகாரி பேனாவை மூடி மேசையில் வைத்தார். நல்ல மனிதர், கடுமையாகப் பேசிப் பார்த்ததில்லை. உங்களுக்குத் தெரியுமே, இவர் பேசுவது உங்கள் நாட்டுத் தமிழ்தானா என்று நட்பாகக் கேட்டார்.

அதைச் சொல்வது தன் வேலை இல்லை என்றான். இந்தக் கேள்வியை நேர்காணல் தாளில் எழுதி, இளைஞனுக்கும் அதைத் தமிழில் சொல்ல அனுமதித்தால், தானும் எழுத்தில் பதில் தரத் தயார் என்றான். அதிகாரி சற்று யோசித்துப் பேனாவைத் திறந்தார். தாளில் அந்தக் கேள்வி வரவில்லை. அடுத்த கேள்வி, கிளிநொச்சியில் படித்த பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் என்ன கோவில் இருந்தது என்பது.